அலைச் சிதறல் கணிதம்: கல்லடியிலும் கல்முனையிலும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் மட்டக்களப்பின் கல்லடியில் பிறந்து வளர்ந்தவன். அலைகள் ஏதாவது ஒன்றில் மோதினால் எப்படிச் சிதறும் என்பதைப் பிரயோக கணிதத்தில் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் எடுத்தேன், இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டே அதே வேலையைத் தொடர்கிறேன். ஊருக்கு வந்தால் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் டியூசன் வாசலிலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். நின்ற நிலையில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டுப் போவது எனக்கு மனவருத்தமாகவே இருந்தது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, ஆறுதலாக இருந்து எழுதியிருக்கிறேன்.

அலைச் சிதறல் எண்டா என்ன சேர்? எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்க.

விடியக்காலை, காற்று எழும்ப முன்னம், கல்லடிப் பழைய பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். தோணி ஒன்று கடந்து போனதும் அது கிளப்பிய அலை வந்து பாலத்தூணில் முட்டும். கொஞ்சம் திரும்பி வரும், மிச்சம் தூணின் இரண்டு பக்கமும் சுற்றிப் போகும், தூணுக்குப் பின்னால் சிறிய இடம் ஒன்று அமைதியாகக் கிடக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளி அலைகள் மறுபடி சேர்ந்துவிடும். உற்றுப் பார்த்தால் தூணை மையமாக வைத்து மெல்லிய வளையங்கள் வெளியே விரிவது தெரியும்.

தூணே இல்லாவிட்டால் அந்த இடத்தில் எந்த அலை இருந்திருக்குமோ, அதை இப்போது இருக்கும் அலையிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் சிதறிய அலை. தண்ணீர், ஒலி, ஒளி, ரேடார், நிலநடுக்கம் என்று எதை எடுத்தாலும் இந்தக் கழித்தல் ஒன்றுதான். நான் இந்தத் துறைக்குள் வந்ததற்கே காரணம் அதுதான்: ஒரு கணக்கைப் போட்டால் பத்து இடத்துக்குப் பொருந்துகிறது.

அலைநீளம், பொருளின்ட அளவு எண்டு எப்பவும் சொல்றீங்க. அதுல என்ன அவ்வளவு முக்கியம்?

முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்மா கூப்பிடுவது கேட்கிறது, ஆனால் அவரைக் காணமுடியாது. பேச்சொலியின் அலைநீளம் மீற்றர் கணக்கில் வரும், அது மதிலைச் சுற்றி வளைந்து வந்துவிடும். ஒளியின் அலைநீளம் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதற்கு மதில் ஒரு பெரிய மலை மாதிரி.

அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் யானையைத்தான் சொல்வேன். யானைகள் மனிதக் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியிலும் பேசிக்கொள்கின்றன. 20 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 20 அதிர்வு, என்று வைத்தால் அலைநீளம் ஏறக்குறைய 17 மீற்றர். காட்டு மரம் ஒன்றின் தடிப்பு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அதனால் ஒலி மரங்களில் பெரிதாகச் சிதறாமல் கிலோமீற்றர் கணக்கில் போகிறது. வானத்தின் நீலமும் இதே வகைதான். காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அப்படியான துணிக்கைகளில் சிதறும் அளவு அலைநீளத்தின் நாலாம் அடுக்குக்கு நேர்மாறாகப் போகும் என்று ரேலே பிரபு 1871இல் காட்டினார். நீலத்தை 450, சிவப்பை 700 நனோமீற்றர் என்று எடுத்துக் கணக்குப் பாருங்கள், நீலம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு கூடச் சிதறும்.

இது பௌதிகவியல்தானே? கணிதக்காரருக்கு இதுல என்ன வேலை?

சமன்பாட்டைப் பௌதிகவியல் தந்துவிடும். அதற்குத் தீர்வு இருக்கிறதா, ஒன்றுதான் இருக்கிறதா, எப்படிக் கணிப்பது, கணித்தால் பிழை எவ்வளவு, இவையெல்லாம் எங்கள் பக்கம். அலைச் சமன்பாட்டில் ஒரே மீடிறனை (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை) மட்டும் பிரித்தெடுத்தால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு வரும். பார்க்க இரண்டே உறுப்புத்தான், ஆனால் அதில் தேவையில்லாத தீர்வுகளும் கூட்டமாக வந்து நிற்கும். முடிவிலியிலிருந்து உள்ளே வந்து தூணில் சேரும் அலைகூட அந்தச் சமன்பாட்டைத் திருப்திப்படுத்தும். பாலத்தில் நின்று அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. சிதறிய அலை வெளியேதான் போகவேண்டும் என்பதைக் கணித நிபந்தனையாக 1912இல் எழுதியவர் சோமர்ஃபெல்ட். அந்த ஒரு வரி வந்த பிறகுதான் தீர்வு ஒன்றே ஒன்று என்று நிறுவ முடிந்தது.

ஏ.எல்-ல என்ன எடுக்கணும்? எனக்கு இன்ஜினியரிங்குக்கு இசட் ஸ்கோர் காணாது, இதுக்குக் காணுமா?

ஏ.எல் என்ற உயர்தரப் பரீட்சைக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கட்டாயம் வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் புள்ளியில், பௌதீக விஞ்ஞானப் பட்டத்துக்கான வெட்டுப்புள்ளி வழமையாகப் பொறியியலைவிடக் குறைவு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு கிடைத்தாலும் நல்லதுதான். எந்தக் கம்பஸ் என்பதைவிட, கணிதத்தில் நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகிறீர்களா என்பதுதான் பெரிய விஷயம். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றால் வெளிநாட்டு விண்ணப்பம் கஷ்டப்படும்.

ஒரு விஷயத்தை மனந்திறந்து சொல்கிறேன். பொறியியல் கிடைக்கவில்லை என்ற கவலையோடு கணிதத்துக்குள் வருகிற பிள்ளைகள் முதல் வருடம் முழுக்க அந்தக் கவலையிலேயே போய்விடுகிறார்கள். வகையீட்டுச் சமன்பாடும் சிக்கலெண் பகுப்பாய்வும் ஏகபரிமாண அட்சரகணிதமும் அத்திவாரம் போடுகிற வருடங்கள் அவை. அவற்றை இழக்காதீர்கள்.

படிச்சு முடிச்சா மறுகா என்ன வேலை தம்பி?

இதைப் பெரும்பாலும் அப்பாமார்தான் கேட்பார்கள். முதலாவது, பல்கலைக்கழக விரிவுரையாளர். சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்பு எடுத்தால் முதலில் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேரலாம், பிறகு இடம் வந்தால் தகுதிகாண் விரிவுரையாளர், அப்புறம் கற்கை விடுப்பில் போய் கலாநிதிப் பட்டம். இடம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, நான் அதற்காக மூன்று வருடம் காத்திருந்தேன்.

இரண்டாவது, வெளிநாட்டுக் கம்பனிகளும் ஆய்வுகூடங்களும். வைத்திய ஸ்கான் இயந்திரம், அன்ரெனா, இரும்புக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியால் பார்ப்பது, எண்ணெய் தேடும் நிலஅதிர்வு ஆய்வு, கடலுக்குள் காற்றாலைக்கு அத்திவாரம், இதிலெல்லாம் சிதறல் கணக்குத் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கடைசியில் தரவு, மென்பொருள் பக்கம் போனார்கள், அதுவும் நல்ல வாழ்க்கைதான். ஆனால் டொக்டர் மாதிரிப் படிப்பு முடிந்த அடுத்த நாள் நியமனக் கடிதம் வரும் என்று நினைத்தால் இந்தப் பாதை உங்களுக்குச் சரிவராது.

ஒரு நாளைக்கு என்னதான் செய்வீங்க? கொம்பியூட்டர்ல இருக்கிறதா, கடற்கரையில நிக்கிறதா?

பெரும்பாலும் தாளும் பேனையும், மிச்சத்துக்குக் கணினி. வட்டத் தூண், கோளம் மாதிரி ஒழுங்கான வடிவங்களுக்குக் கையால் தீர்வு எழுதலாம். கோளத்தில் ஒளி சிதறுவதை மீ என்பவர் 1908இலேயே முழுதாக எழுதிவிட்டார். வடிவம் கொஞ்சம் கோணலானதும் கை விட்டுவிடும், மேற்பரப்பைச் சிறுசிறு துண்டாக வெட்டி ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒன்றாகக் கணினியிடம் கொடுக்கவேண்டும்.

என் கலாநிதிப் படிப்பின் இரண்டாம் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு தூண் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அலை என்ன செய்யும் என்ற கணக்கு. படம் வடிவாக வந்தது, எண்கள் மட்டும் ஒத்துவரவில்லை: உள்ளே வந்த சக்தியும் வெளியே போன சக்தியும் சமமாகவேண்டும், ஆகவில்லை. ஆறு கிழமை தேடினேன். வட்டமாக விரியும் அலையை எழுதப் பயன்படும் ஹாங்கெல் சார்பில் இரண்டு வகை உண்டு, நேரக் காரணியின் குறியை எப்படி எடுத்தோம் என்பதைப் பொறுத்து ஒன்று வெளியே போகும் அலை, மற்றது உள்ளே வரும் அலை. ஓர் இடத்தில் மட்டும் மற்றதைப் போட்டிருந்தேன். மூன்றாவது பதிலில் சொன்ன சோமர்ஃபெல்ட் நிபந்தனையை நானே மீறியிருந்தேன். அன்றிலிருந்து எந்தக் கணக்கிலும் முதலில் சக்தியைக் கூட்டிப் பார்ப்பேன், மாணவர்களிடமும் அதைத்தான் முதலில் கேட்பேன்.

இங்கிலீஷ் பெரிசா வராது, கோடிங்கும் தெரியாது. சரிவருமா?

இரண்டும் பழகலாம், நானும் கம்பஸுக்குப் போன பிறகுதான் பழகினேன். பைதன் என்ற கணினி மொழி இலவசம், ஜூலியா என்ற மொழியும் இலவசம், பழைய லப்டொப் ஒன்று போதும். ஆங்கிலத்துக்கு, 1991 முதல் இயங்குகிற ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஆய்வுக் கட்டுரைகள் காசில்லாமல் கிடைக்கும், கிழமைக்கு ஒன்றின் முன்னுரையை மட்டும் வாசியுங்கள். முதல் ஆறு மாதம் தலை சுற்றும். பிறகு அதே இருநூறு சொல்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது விளங்கும்.

வெளிநாட்டில பி.எச்.டி செய்யக் காசு எவ்வளவு முடியும்? வளவை ஈடு வைக்கணுமா?

வைக்கவேண்டாம். இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வளவை ஈடு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்குக் கட்டணம் கட்டிப் போவது அநேகமாகப் பிழையான வழி. அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளராக எடுத்தால் கட்டணமும் இல்லை, மாதம் செலவுக்குக் காசும் தருவார்கள். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது, அவுஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகை இருக்கிறது. உங்கள் கையிலிருந்து போவது ஆங்கிலப் பரீட்சை, விண்ணப்பம், விசா, சில வேளை விமான ரிக்கெற். அதுவே எங்கள் வீடுகளுக்குப் பெரிய காசு என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது வளவின் விலை இல்லை.

இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம் எங்களைப் போன்ற நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு வருட முதுநிலை டிப்ளோமாவை முழுச் செலவையும் ஏற்று நடத்துகிறது, கணிதமும் அதில் ஒரு பிரிவு. பட்டம் முடித்ததும் நேரே கலாநிதிப் படிப்புக்குப் போகத் துணிவில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். பேராதனையில் விஞ்ஞான முதுநிலை நிறுவகமும் இருக்கிறது.

மகள் கணக்கில நல்ல கெட்டிக்காரி. பொம்புளப் புள்ளய தனிய அனுப்பலாமா மகன்?

சம்மாந்துறையில் ஓர் உம்மா கேட்டது. அனுப்பலாம் உம்மா. என் ஆய்வுக்குழுவில் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் பெண்கள், இரண்டு பேர் முக்காடு போட்டவர்கள், எல்லோருக்கும் தங்க இடமும் தொழ இடமும் கம்பஸுக்குள்ளேயே இருந்தது. உங்களுக்கு இருக்கும் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. போகும் ஊரில் ஏற்கெனவே படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவரோடு மகளைப் பேசவிடுங்கள், நீங்களும் பேசுங்கள். என் வார்த்தையைவிட அது ஆறுதல் தரும்.

தமிழ் ஆக்கள் யாராவது இதுல பேர் எடுத்திருக்காங்களா?

சி. வி. ராமனின் கதையே சிதறல்தான். 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடக்கும்போது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று சந்தேகப்பட்டு, தெறித்து வரும் ஒளியை ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் அரியத்தால் மறைத்துப் பார்த்தார், நீலம் போகவில்லை. அந்தச் சந்தேகம் 1928இல் ராமன் விளைவில் போய் முடிந்தது, 1930இல் நோபல் பரிசு. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1940களில் வளிமண்டலத்தில் ஒளி திரும்பத் திரும்பச் சிதறுவதைக் கணிதமாக எழுதினார். எங்கள் நாட்டவரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்குடன் வேலை செய்து, கொழும்பிலும் பிறகு மலாயாவிலும் மெல்போர்னிலும் கணிதப் பேராசிரியராக இருந்தார். அவருடைய வேலை கதிர்வீசும் இலத்திரனின் இயக்கம், எங்கள் துறைக்குப் பக்கத்து வீடு.

பாடும் மீன் சத்தத்தை ஏன் துடுப்பைக் காதில வச்சுக் கேக்கிறாங்க?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோசம். மட்டக்களப்பு வாவியில் நிலா இரவுகளில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும் என்று சொல்லும் ஒலியைத்தான் பாடும் மீன் என்கிறோம். தண்ணீருக்குள் ஒலி செக்கனுக்கு 1500 மீற்றர் போகும், காற்றில் 340 போலத்தான். வேகத்தோடு அடர்த்தியும் சேர்ந்து மாறுவதால், வாவிக்குள்ளிருந்து மேற்பரப்புக்கு வரும் ஒலியின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் நுழையும், மிச்சம் எல்லாம் கீழேயே தெறித்துவிடும். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதோரம் வைத்தால் ஒலி மரத்தின் வழியாக ஏறி எலும்புக்கு வந்துவிடுகிறது, காற்றைத் தாண்டவேண்டிய தேவையே இல்லை. முழுநிலாவில் தோணியில் போன எங்கள் முன்னோர் இதைக் கையால் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சுனாமி கிழக்கில இருந்துதானே வந்தது, அப்ப காலிக்கு எப்பிடிப் போனது? உங்கட கணக்கால முன்கூட்டிச் சொல்லலாமா?

2004 டிசம்பர் 26 எங்கள் வீட்டிலும் ஆட்களைக் கொண்டுபோன நாள், அதனால் இதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலான 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமியின் வேகம் வரும். 4000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது செக்கனுக்குப் பத்து மீற்றர்தான், ஆனால் பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போவதை நெருக்க உயரம் கூடிவிடும். திறந்த கடலில் ஜேசன்-1 செய்மதி அளந்த உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர்தான், கல்லடிக்குப் பக்கத்து நாவலடியில் வந்தது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

தீவின் தென்மேற்கில் இருக்கும் காலிக்குப் போனதற்குக் காரணம் இரண்டாவது பதிலில் சொன்ன அளவு விஷயம். அரை மணித்தியாலத்துக்கு ஓர் அலை என்று வைத்தால் ஆழ்கடலில் அலைநீளம் 360 கிலோமீற்றர் போல வரும், எங்கள் தீவின் நீளம் 430 போல. தடையும் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படி இருந்தால் தடைக்குப் பின்னால் தெளிவான நிழல் விழாது, அலை கோணலாகி வளைந்து போகும், கரையோர ஆழம் குறைவது அதை இன்னும் கரைப் பக்கம் திருப்பிவிடும். பாலத்தூணைச் சுற்றிய அலைதான், அளவு மட்டும் பெரிது.

முன்கூட்டிச் சொல்லலாம், நிலம் நடுங்கிய பிறகு. அன்று சுமாத்திராவில் நடுங்கி எங்கள் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது, இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறைதான் இருக்கவில்லை. இப்போது கடலடி அழுத்தமானிகளின் அளவீட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எங்கே எவ்வளவு நீர் எழும்பியது என்று மதிப்பிட்டு, எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முன்னோக்கிக் கணிக்கிறார்கள். நிலநடுக்கம் எப்போது வரும் என்பதை யாரும் சொல்ல முடியாது, சொல்வதாக வட்ஸ்அப்பில் வந்தால் நம்பவேண்டாம்.

ஒலுவில் துறைமுகத்தால கரை அரிக்குதே, அதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்கா?

இருக்கிறது, ஆனால் பாதிதான். ஒரு நேர்விளிம்புக்குப் பின்னால் ஒளி எப்படி வளையும் என்று சோமர்ஃபெல்ட் 1896இல் துல்லியமாகத் தீர்த்தார். அதே தீர்வை பென்னி, பிரைஸ் என்ற இருவர் 1952இல் துறைமுக அலைதடுப்புகளுக்குப் பயன்படுத்தினார்கள், இன்றும் பொறியியலாளர் கையில் அந்த வரைபடங்கள் உண்டு. தடுப்புக்குப் பின்னால் அலை எவ்வளவு தணியும் என்பதை அது சொல்லும்.

கரையோரமாக ஓடும் மணலின் கதை வேறு. கடலுக்குள் ஒரு சுவரைப் போட்டால் மணல் ஒரு பக்கம் தேங்கும், மற்றப் பக்கத்துக் கரை பட்டினி கிடக்கும். ஒலுவிலில் துறைமுக வாயில் மணலால் அடைபட்டதையும் நிந்தவூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்ததையும் அங்கே உள்ளவர்கள் கண்ணால் கண்டவர்கள். மணலின் கணக்கு அலையின் கணக்கைவிடக் கஷ்டமானது. அந்தக் கரையிலிருந்தே நாலு பிள்ளைகள் அதைப் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எல்லாம் நூறு வருசத்துக்கு முன்னமே கண்டுபிடிச்சாச்சே. இனிப் புதுசா என்ன?

இதுவரை சொன்னது நேர்க் கணக்கு: தடை தெரியும், அலையைக் கண்டுபிடி. மறுதலைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது: சிதறிய அலை தெரியும், தடை என்ன? வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகில் மீன்தேடும் கருவி செய்வது அதைத்தான். மீனின் சதை கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி, ஒலியைப் பெரிதாகச் சிதறாது, உள்ளே இருக்கும் காற்றுப் பைதான் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கருவி காட்டுவது உண்மையில் அந்தப் பையை.

தூரத்தில் அளந்த அலையில் மிகச் சின்னப் பிழை இருந்தாலும் கணக்குப்போட்டு எடுக்கும் உருவம் தாறுமாறாக மாறிவிடும், அதை அடக்குவதற்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சி நடக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் அலை அனுப்பி அளந்தால் தடையின் வடிவம் ஒன்றுதான் என்று நிறுவியாயிற்று. ஒரே ஓர் அலையை மட்டும் அனுப்பினால் போதுமா? பொதுவான வடிவங்களுக்கு இன்றுவரை நிறுவப்படவில்லை. ஏ.எல் பிள்ளைக்கே கேள்வி விளங்குகிறது, பதில் உலகத்தில் யாரிடமும் இல்லை.

ரேடார், சோனார் எல்லாம் சண்டைக்குத்தானே? நாங்க பட்டது காணாதா?

இதைக் கேட்ட அக்காவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது உண்மை, இந்தத் துறைக்குக் கிடைத்த காசில் பெரும் பங்கு இராணுவத்திலிருந்து வந்தது, இன்றும் வருகிறது. ஃப்ரிட்ஸ் உர்செல் என்ற யூதச் சிறுவன் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தான். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்காக, படை இறங்கும் கரையில் அலை எப்படி இருக்கும் என்று கணித்த குழுவில் வேலை செய்தான். போர் முடிந்து 1948இல் அவரும் பார்பர் என்பவரும் வெளியிட்ட வேலையால்தான், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துப் புயல் எழுப்பும் அலை எந்த நாளில் எந்தக் கரைக்கு வரும் என்று கணிக்கமுடிந்தது. அறுகம்பையில் சேர்ஃபிங் ஆட்கள் இன்றைக்குப் பார்க்கும் அலை அறிவிப்பு அந்த வழியில் வந்தது.

அதனால் நான் எனக்கென்று ஒரு கோடு போட்டிருக்கிறேன்: ஆயுதத்துக்கென்று வரும் காசில் வேலை செய்வதில்லை. ஒரு முறை நல்ல சம்பளத்தோடு அப்படி ஓர் இடம் வந்தது, வேண்டாம் என்றேன். இன்னொருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் முடிவெடுக்காமல் அதற்குள் வழுக்கிப் போய்விடவேண்டாம்.

இப்பவே, ஏ.எல் படிக்கிறபோதே, நான் என்ன செய்து பார்க்கலாம்?

ஒரு பெரிய தட்டையான தாச்சியில் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, ஒரு பக்கம் அடிமட்டத்தால் மெதுவாகத் தட்டுங்கள், மேலே விளக்கைப் பிடித்தால் அலைகளின் நிழல் அடியில் ஓடும். மெதுவாகத் தட்டும்போதும் வேகமாகத் தட்டும்போதும் போத்தலுக்குப் பின்னால் என்ன வித்தியாசம் என்று கொப்பியில் கீறுங்கள். போத்தலை எடுத்துவிட்டு ஒரு பென்சிலை வைத்து அதையே செய்யுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது பதிலை மறுபடி வாசியுங்கள்.